பத்து லிட்டர் வெயில்

கடைப்பையன் ஃபிர்தௌஸ் சிரித்தே விட்டான்.
"அங்கிள், இந்த ஊர்லயா வெந்நீர்?"
வெளியே ஜாலான் புசார் தார் இளகக் கிடந்தது.
என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
சரிதான் தம்பி, சிரி.

குமுதாவின் தோலுக்கு மட்டும்
இது வேறு ஊர்.
குளிர்நீர் பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவக்கும்,
யாரோ விரலால் எழுதிப் போனதுபோல.
மழையில் நனைந்தால் தோள்.
ஐஸ் மைலோ பிடித்தால் உள்ளங்கை.
மருத்துவர் அதற்கொரு நீளமான பெயர் சொன்னார்,
மாத்திரை சொன்னார்,
"கடலா? பார்த்து" என்றும் சொன்னார்.

பத்தொன்பது வருடமாக
கூடாரம் போடலாமா என்று நான் கேட்பதும்
பொதுக் குளியலறைக் குழாயை அவள் நினைப்பதும்
எங்கள் வீட்டில் ஒரே நொடியில் நடக்கும்.

மேசைமேல் மூன்றை வைத்தான்.

முதலாவது எரிவாயு.
திருகினால் நீல நெருப்பு,
நினைத்த நேரத்தில் நினைத்த சூடு.
ஆசையாகத்தான் இருந்தது.
ஆனால் எங்களிடம் கார் இல்லை.
பஸ் ஓட்டுகிறவன் நான்;
எரிவாயு உருளையோடு ஏறிய ஒருவரை
தெம்பனிஸில் இறக்கிவிட்டவன்.
அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.
ஹொக்கியென்.
முழுக்கப் புரியாதது நல்லதுதான்.

இரண்டாவது மின்கலம்.
கைப்பேசிபோல் இரவெல்லாம் ஊட்ட வேண்டும்.
பம்பு மட்டும்தான் ஓடும்,
நீரை அதுவாகச் சூடாக்காது என்பது
அட்டையின் அடியில்
எறும்பு எழுத்தில்.
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தேன்.
விலை மட்டும் கொட்டை எழுத்து.

மூன்றாவது ஒரு கறுப்புப் பை.
ஒரு குழாய், ஒரு மூடி, ஒரு கொக்கி.
"வெயில்ல போடுங்க, அவ்வளவுதான்."
பதினெட்டு வெள்ளி.
இருபது லிட்டரா, பத்தா?
இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ;
தூக்கி மாட்டுவது யார் என்று
என் இடுப்பு கேட்டது.
பத்து.

சனிக்கிழமை ஒத்திகை.
பதினோராம் மாடித் தாழ்வாரத்தில்
செருப்பு அடுக்குக்கும் மேடம் கோவின் கற்றாழைக்கும் நடுவே
படுத்துக்கிடந்தது,
கொழுத்த நீர்நாய் மாதிரி.
மேடம் கோ குனிந்து பார்த்து
"செத்துப்போச்சா?" என்றார்.
ஒரு மணிக்குத் தொட்டால் சுட்டது.
மூன்று மணிக்கு மழை.
நாலரைக்கு அது வெறும் பை.

குமுதா கணக்காளர்.
வெப்பமானியை முக்கி முக்கி
அரைமணிக்கொரு தரம் தாளில் குறித்தவள்,
"மழைக்கு முன்னாடி குளிச்சுட்டாப் போதும்" என்றாள்.
நான் வாங்கி வந்த ஒன்றை
அவள் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதது
அன்றுதான்.

சாங்கி கடற்கரை.
விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டே
தலைக்குமேல் வந்தன.
பகலெல்லாம் பையைப் புரட்டினேன்,
அப்பளம் காயவைப்பவன்போல.
மேகம் வந்தால் எனக்குக் கோபம் வந்தது.
பிறந்ததிலிருந்து இந்தத் தீவில்
வெயில் பற்றவில்லை என்று
முதல்முறையாகச் சொன்னேன்.

அவள் கடலில் இறங்கினாள்.
முழங்கால் வரை.
பிறகு, என்னைத் திரும்பிப் பார்க்காமல்,
இன்னும் கொஞ்சம்.

குளியல் மறைப்பு நின்றது.
கொக்கிக்குத்தான் கிளை இல்லை.
நான் கிளையானேன்.
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு,
கண்ணை ஓடுபாதை விளக்குகள்மேல் வைத்துக்கொண்டு.
உள்ளே நீர் விழுந்தது.
பத்து கிலோ ஒன்பதானது, ஏழானது;
அவள் தலையை அலசியதும் நிறுத்தியதும்
என் தோள்களுக்குத்தான் தெரிந்தது.
பாதி வழியில்
ஏதோ முணுமுணுத்தாள்.
என்னவென்று கேட்கவில்லை,
கேட்டால் பை ஆடும்.

துண்டோடு வெளியே வந்தவளை
கைவிளக்கடித்துச் சோதித்தேன்,
பயணச்சீட்டுப் பரிசோதகன்போல.
கழுத்து, சரி.
தோள், சரி.
முழங்கை மடிப்பு, சரி.
இடது கணுக்காலில் மட்டும்
ஐந்து காசு அளவில் ஒரு தடிப்பு.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
அவள் சொறிந்தாள்.

"கொசு" என்றாள்.